நகமளவு ஈரல்

பச்சை நிறம் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்த ஹிமாயாவுக்கு அது நடுவில் தெரிந்தது.

அவள் கண்ணை எடுத்துக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நோன்பு காலம், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய தூக்கக் கலக்கம் இன்னும் இமையில் இருந்தது. தட்டை அடுத்த குழிக்கு நகர்த்தினாள். அங்கேயும் நடுவில். அதற்கடுத்ததிலும் நடுவில். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஈரல் உருண்டைகள், குழிக்கு ஒன்றாக, இளஞ்சிவப்பு நீரில் கிடந்தன. ஒவ்வொன்றின் நடுநெஞ்சிலும் பச்சை வெளிச்சம் திரண்டு நின்றது. ஓரமோ துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது.

கல்முனைக் கடற்கரை வீதியில், கீழே மருந்து மொத்த வியாபாரமும் மேலே ஆய்வுகூடமுமாக இருந்த அந்தக் கட்டடத்துக்கு ஹிமாயா வந்து சேர்ந்தது இந்த ஒரு வேலைக்காகத்தான். பெயின்டிலும் முகப்பூச்சிலும் வாகனப் புகையிலும் இருக்கிற நனோ துகள்கள், சாதாரண நுணுக்குக்காட்டிக்கே அகப்படாத பொடிகள், மனிதனுக்குள் போனால் கடைசியில் ஈரலில் வந்துதான் குடியிருக்கும். எப்படிப் போகின்றன, எவ்வளவு ஆழம் போகின்றன என்பதுதான் கேள்வி. பாய் விரித்த மாதிரித் தட்டையாக வளர்க்கிற கலங்கள், அதாவது உயிரணுக்கள், இதற்கு ஒழுங்கான பதில் சொல்லமாட்டா. அதனால் ஈரல் கலங்களை உருண்டையாகத் திரளவிட்டு, பச்சைச் சாயமேற்றிய துகள்களை ஊற்றி, நீல ஒளியில் பார்ப்பார்கள். துகள்கள் வெளிக்கலங்களில் முட்டி அங்கேயே தங்கிவிடும். உருண்டையைச் சுற்றி ஒரு பச்சை வளையல் தெரியும். மிகச் சில மட்டும் மெதுவாக ஊர்ந்து கொஞ்சம் உள்ளே போகும்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் அவள் ஊற்றியவை ஓரிரவில் நடுவுக்குப் போயிருந்தன. நுழைந்தவை போலத் தெரியவில்லை. விழுங்கப்பட்டவை போல இருந்தன.

"ஃபோகஸ் பிழைச்சிருக்கும் அக்கா," என்றாள் நிரோஜினி. அந்த ஆய்வுகூடத்தில் ஹிமாயாவோடு வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். அவளும் குனிந்து பார்த்தாள். திருகியைத் திருகினாள். பிறகு நிமிர்ந்து, "இதென்ன, பசியில கிடந்த மாதிரி" என்று சிரித்தாள்.

ஹிமாயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குளிரூட்டியின் சீரான இரைச்சலும், கலங்களைச் சூடாக வைத்திருக்கும் இன்கியூபேட்டரின் மெல்லிய மூச்சும், ஸ்பிரிட்டோடு கலந்த கலங்களுக்குத் தீனியான ஊடக நீரின் இனிப்பு வாடையும் அறையை நிறைத்திருந்தன. நிரோஜினிக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். அந்த உருண்டைகள் அவள் கணவன் நஸீமின் ஈரல்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நஸீமின் ஈரலில் ஒரு கட்டி கண்டு, வெட்டி எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றதும் வீடே மூச்சு விட்டது. ஆனால் நஸீமுக்கு வேறொரு கவலை இருந்தது. பஸாரில் பிடவைக்கடை நடத்துகிறவன். ஒரு முழத் துணி கணக்கில் பிசகினாலும் தூங்கமாட்டான். "என்ட உடம்பில ஒரு துண்டும் வெளியில கெடக்கப்படாது புள்ள. வெட்டின எல்லாத்தையும் மையவாடியில போட்டுருங்க. மறுகா அல்லாஹ் எழுப்புற நாளையில நான் குறைஞ்ச ஆளா நிக்க ஏலா" என்று சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் அவள் கையைப் பிடித்துச் சொன்னான். அந்த ஊரில் அது புதிதல்ல. விபத்தில் கழன்ற விரலானாலும் வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்குவதுதான் முறை.

வெட்டிய துண்டு இருந்த பெட்டியை ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு வந்தவள் ஹிமாயா. அந்தக் கிழமைதான் வெளிநாட்டில் வாங்கிய ஈரல் கலங்கள் சுங்கத்தில் கிடந்து செத்துப் போயிருந்தன. கலம் இல்லாவிட்டால் ஆய்வு இல்லை, ஆய்வு இல்லாவிட்டால் அவளுக்கு வேலையும் இல்லை. கட்டி தொடாத ஓரத்தில் பெருவிரல் நகமளவு ஒரு துண்டை அவள் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அவள் தம்பி றினாஸ் கழுவி, துணியில் சுற்றி, நஸீமின் வாப்பாவின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்கினான். நகமளவெல்லாம் ஒரு கணக்கா என்று அவள் நினைத்தாள். நாம் நாள்தோறும் வெட்டி எறிகிற நகத்தை யார் அடக்குகிறார்கள் என்று தனக்குத் தானே வாதாடிக்கொண்டாள்.

"எல்லாம் போட்டாச்சா?" மயக்கம் தெளிந்ததும் நஸீம் முதலில் கேட்டது அதுதான்.

"ஓம், எல்லாம்," என்றாள்.

இப்படி எடுக்கிற ஈரல் கலங்கள் சில கிழமைகளில் செத்துவிடும். அவை பெருகுவதுமில்லை. இவை சாகவில்லை, பெருகின. ஆய்வுகூடத் தலைவர் நல்லரெத்தினம் சேர் மட்டக்களப்பிலிருந்து வரும்போதெல்லாம் தட்டைக் குழந்தையைப் போல ஏந்திப் பார்ப்பார். யாரோ பெயர் தெரியாத கொடையாளியின் கலங்கள் என்று ஹிமாயா சொன்னதை அவர் நம்பியிருந்தார்.

அன்று நோன்பு திறக்கும் நேரம் நஸீம் அவர்களோடு பாயில் வந்து உட்கார்ந்தான். உடம்பு சரியில்லாததால் அவன் நோன்பு பிடிக்கவில்லை. ஆனாலும் பாங்கு சொல்லும்போது எல்லோரோடும் இருக்க ஆசைப்படுவான். ஹிமாயாவின் உம்மா றுகையா கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"உப்புக் கூடியோ மகன்?"

"இல்ல மாமி. கஞ்சி நல்லம். என்ட வாய்தான் சரியில்ல. சில்லறைக் குத்திக்காசு ஒண்ட நாக்கில வெச்ச மாதிரி ஒரு ருசி."

ஹிமாயாவின் கையில் பேரீச்சம்பழம் நின்றது. "எப்ப இருந்து?"

"நேத்து அஸருக்குப் புறகு," என்றான் நஸீம். "திடீரெண்டு வந்திச்சு. நெஞ்சுக்குள்ள எதையோ ஊத்தின மாதிரி இரிந்திச்சு."

துகள்களுக்கு வெள்ளி பூசியிருந்தது. அவள் பழத்தை வாயில் போட்டு மென்றாள். விழுங்க நேரமெடுத்தது.

மனிதனுக்கு வருகிற எல்லாப் பயமும் முதலில் வெட்கமாகத்தான் வரும். படித்தவள் இப்படி யோசிக்கலாமா என்று அவள் தன்னையே கேலி செய்துகொண்டாள். ஆனால் ஒரு விஷயம் அவள் தலைக்குள் நுழைந்துவிட்டால் போகாது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு நஸீமின் கண் இடைக்கிடை மஞ்சளாகும், பின்பு தானாகத் தெளியும். பரிசோதித்த வைத்தியர்கள் காரணம் காணாமல் கையை விரித்துவிட்டார்கள். உம்மா ஓதின தண்ணீர் கொடுப்பாள். தெளிந்ததும் அதன் பறக்கத்து என்பாள். இப்போது ஹிமாயா அந்த மஞ்சள் நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவை எல்லாம் ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்த நீண்ட விடுமுறைகளில் வந்தவை.

உருண்டைகள் கிடக்கிற ஊடக நீர் இளஞ்சிவப்பு. கலங்கள் தின்று கழிக்கக் கழிக்க அது புளித்து மஞ்சளாகும். புது நீர் மாற்றினால் மறுபடி சிவக்கும். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் சங்கதி.

அந்தக் கிழமை வெள்ளியோடு போயா விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தன. ஆய்வுகூடம் பூட்டிக் கிடந்தது, திறப்பு நல்லரெத்தினம் சேரிடம். முதல் நாள் நஸீமின் கண்ணில் ஒன்றுமில்லை. மறுநாள் வெள்ளை விழி பழைய பல்லின் நிறத்துக்கு வந்தது. ஞாயிறன்று அவன் படுக்கையிலிருந்து சன்னல் பக்கம் திரும்பியபோது, வெயில் பட்ட அவன் கண்கள் அரைத்த மஞ்சளாகவே இருந்தன. தோலிலிருந்து புளித்த வாடை வந்தது, அவளுக்கு நன்றாகப் பழகிய வாடை. திங்கள் காலை அவள் பஸ்ஸுக்குக் காத்திராமல் திரீவீல் பிடித்து ஓடினாள். தட்டு முழுக்க மஞ்சள். ஒவ்வொரு குழியிலும் பழைய நீரை உறிஞ்சிப் புது நீர் விட்டாள். கடைசிக் குழி முடிந்ததும் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் உம்மா எடுத்த எடுப்பில். "இப்பதான் பாத்தன் மகள். கண் பளிச்செண்டு வெளுத்துப் போச்சு. நேத்து ஓதிக் குடுத்த தண்ணி வேலை செய்யிது."

ஹிமாயா போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

இன்னும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு தடவை நடப்பது தற்செயல், மறு தடவையும் நடந்தால்தான் ஆதாரம் என்று படித்தவள் அவள். அந்தப் படிப்புத்தான் அவளை அன்று அந்தப் பாவத்தைச் செய்யவைத்தது. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பின் நிரோஜினி வெளியே போயிருந்த நேரம், தட்டை இன்கியூபேட்டரிலிருந்து எடுத்துக் குளிரூட்டியின் நேர் கீழே மேசையில் வைத்தாள். குர்ஆனில் ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரம் போதும் என்று நினைத்து ஓதத் தொடங்கினாள். பாதியில் நாக்கு ஓடவில்லை. போன் அடித்தது.

"மகள், நஸீமுக்கு ஒரே நடுக்கம்." உம்மாவின் குரலே நடுங்கியது. "வெளியில வெயில் கொளுத்துது. ரெண்டு போர்வ போத்தியும் நிக்கிதில்ல. பல்லு கிட்டிச்சிப் போச்சி. நகம் எல்லாம் நீலம். வா மகள், கெதியா வா."

அவள் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். இரண்டு கையாலும் கதவை அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் காதில் இருந்தது. மறுமுனையில் அவன் பற்கள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றது.

அன்றிலிருந்து ஹிமாயா விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திரிந்தாள். தட்டைக் குப்பையில் போட்டால் நஸீம் என்னாவான்? வைத்திருந்தால் எத்தனை வருடம் வைத்திருக்க முடியும்? உள்ளே போன துகள்களைக் கழுவி எடுக்க வழியில்லை. அவள் எத்தனை தடவை நீர் மாற்றியும் அந்தப் பச்சை நடுவிலேயே நின்றது, அவனுடைய வாயில் காசின் ருசியும் நின்றது. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லாவிட்டால் நம்புவார்கள். நம்பினால் அதைவிட மோசம்.

ஒரு நாள் றினாஸ் சஹருக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தபோது, கறிக்கு வெங்காயம் அரிகிற சாக்கில் கேட்டாள். "அண்டைக்கு நீ அடக்கினாயே, அதில ஒரு துண்டு விடுபட்டிருந்தா என்ன செய்யிற?"

"விடுபட்டா கொண்டு போய்ப் போடுறதானே ராத்தா. உசிரில்லாத சாமான், எப்ப போட்டா என்ன?"

"உசிர் இரிந்தா?"

றினாஸ் சிரித்தான். "உசிரோட யாரும் அடக்குவாங்களா? நோன்புக் கிறுக்கு உனக்கு."

அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு அழுதாள். வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இனி ஒன்றையும் ஊற்றுவதில்லை. சாயம் பழுதாகிவிட்டது என்று நிரோஜினியிடம் பொய் சொன்னாள். நீர் மட்டும் மாற்றினாள், சூடு குறையாமல் பார்த்தாள், மின்சாரம் போனால் முதல் ஆளாக ஜெனரேட்டர் அறைக்கு ஓடினாள். நஸீம் சற்றுத் தேறினான். இப்படியே காலம் தள்ளிவிடலாம், தினமும் போய் அவனுக்குச் சோறூட்டுவது போல இதையும் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு அற்ப ஆறுதல் அவளுக்கு உண்டாயிற்று. மனைவி செய்கிற வேலைதானே.

ஒருநாள் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அந்தத் தெருவில் மட்டும் கறண்ட் இல்லை. சன்னல் வழியே கடலின் இரைச்சலும், எங்கோ பொரிக்கிற எண்ணெய் வாசமும் வந்தன. நஸீம் விழித்துக்கொண்டிருந்தான்.

"ஹிமாயா, ஒரு கனவு வருது எனக்கு. குழி ஒண்டுக்குள்ள கெடக்கன். கபுறில்ல, வட்டக் குழி. சுத்தி வெதுவெதுண்டு தண்ணி. கையும் இல்ல, காலும் இல்ல. மேல ஒரு மூடி. மூடி தொறந்தா வெளிச்சம். வெளிச்சத்துக்குள்ள ஒரு பெரிய கண்."

"யார்ட கண்?" என்றாள்.

"அது உன்ட கண் புள்ள."

"இஞ்சாருங்க..." என்றாள். அவன் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நகமளவு துண்டை எடுத்ததிலிருந்து மேசையில் தட்டை வைத்தது வரை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை.

"நான் பயப்பிடல்ல," என்றான். "எந்த நேரமும் உன்ட கைதானே வருது. மெல்லமாத்தான் வருது. நீ பாத்துக்க. வேற ஆக்களுக்கு விட்டுராத."

அவள் தலையை ஆட்டினாள்.

நோன்பின் பின்பத்து, அந்தக் கடைசிப் பத்து நாட்கள், தொடங்கிய அன்று அவன் எழும்ப முடியாமல் விழுந்தான். ஹிமாயாவால் அவனை விட்டு அசைய முடியவில்லை. நிரோஜினியை அழைத்து, நீர் மாற்றுவதை மட்டும் செய், வேறு ஒன்றும் போடாதே, உன் அம்மா மீது சத்தியம் செய் என்று கெஞ்சினாள். நிரோஜினி குழம்பினாலும் சத்தியம் செய்தாள். நீர் ஒழுங்காக மாறியது. அவன் கண்ணைப் பார்த்தாலே ஹிமாயாவுக்கு அது தெரிந்தது.

ஒரு மத்தியானம் அவன் அலறினான். உம்மாவும் அவளும் ஓடி வந்தார்கள். அவன் இரண்டு கையாலும் தன் உடம்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்திருந்தான். "பிரிக்கிறாங்க," என்றான். "துண்டு துண்டாப் பிரிக்கிறாங்க. புடிங்க. என்னப் புடிங்க." அவர்கள் பிடித்தார்கள். அவன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அஸருக்கு முன் அவன் அடங்கினான். அதற்குப் பிறகு அவன் பேச்சில் ஒரு மாற்றம் இருந்தது. வலது கை சூடு என்பான், இடது கை குளிர் என்பான். நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்பான். எங்கே என்றால் முழிப்பான்.

ஹிமாயா நிரோஜினிக்குப் போன் எடுத்தாள்.

"நான் ஒண்டும் போடயில்லை அக்கா, சத்தியமா," என்றாள் நிரோஜினி. அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. சேர் வந்தவர். உருண்டையள் எல்லாம் பெருத்துப் போச்செண்டு கலைச்சு, திரும்பப் புது உருண்டையளாத் திரட்டினம். சாகாத ஈரல் எண்டதும் எல்லா இடத்திலயும் கேக்கினமாம். உயிரோடயே பெட்டியில சூடு வைச்சு அனுப்பியாச்சு. எத்தனையோ நாட்டுக்கு அக்கா. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு துகள் போட்டுப் பாக்கப் போகினம். டீசல் புகையாம், பெயின்டாம், இன்னும் என்னென்னவோ. உங்கட பேரும் போட்டிருக்கு."

ஹிமாயா சேருக்குப் போன் எடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். யாருடைய ஈரல், எப்படி எடுத்தாள், அவனுக்கு என்ன நடக்கிறது, எல்லாம். அவர் கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. அவர் இரக்கத்தோடு பேசினார்.

"பிள்ளை, நீர் நித்திரை கொள்ளாமல் இருக்கிறீர். கணவருக்குச் சுகமில்லாத நேரம் மனசு எல்லாத்தையும் முடிச்சுப் போடும். யாருடைய கலம் எண்டதை நாங்கள் பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

"திருப்பி எடுங்க சேர். கால்ல விழுறன். அல்லாவுக்காகத் திருப்பி எடுங்க."

"எப்பிடி எடுக்கிறது? பிளேன் ஏறிட்டுது. இனி அது எங்கட கையில இல்லை."

தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். அதைச் சொன்னவன் வெள்ளத்துக்குள் நிற்கவில்லை என்று ஹிமாயாவுக்குத் தோன்றியது. ஒவ்வொரு சாணும் தெரிந்தது. அவள் ஆய்வுகூடத்துக்குப் போய், மிஞ்சிக் கிடந்த ஒரு தட்டைச் சுடுதண்ணீர்ப் போத்தல்களோடு பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. வெறுங்கையோடு இருக்க முடியவில்லை.

பிந்திய நோன்புகளில் ஒன்று. இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு ஓய்ந்து, தெருவே பள்ளிக்குப் போய்விட்டது. உம்மாவும் பெண்கள் தொழுகிற வீட்டுக்குப் போயிருந்தாள். உனக்காகவும் அல்லாவிடம் கேட்கிறேன் மகள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒலிபெருக்கியில் தராவீஹ் தொழுகையின் ஓதல் காற்றோடு வருவதும் போவதுமாக இருந்தது. அடுத்த வீட்டு முற்றத்தில் பூனையொன்று மீன் முள்ளை உருட்டிக்கொண்டிருந்தது. அறையில் சின்ன மின்குமிழ் மட்டும் எரிந்தது. மருந்து வாடை, சாம்பிராணி வாடை, அவற்றுக்கடியில் அந்த இனிப்பு வாடை. ஹிமாயா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. நல்ல சூடு. சரியான சூடு.

நஸீம் கண்ணைத் திறந்தான்.

"லைட்டப் போட்டுட்டாங்க," என்றான்.

அவள் மேலே பார்த்தாள். அதே சின்னக் குமிழ். அதே மங்கல்.

"யாரு?"

"மூடி தொறந்தாச்சு." அவன் குரல் தணிந்திருந்தது. "ஹிமாயா, நீயா?"

"நான் இஞ்ச இரிக்கன். உங்கட பக்கத்தில இரிக்கன். பாருங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. பிடித்திருந்த அவள் விரல்களை, பிடவைக்கடையில் துணியைத் தடவிப் பார்ப்பது போல, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு மெதுவாக விட்டான்.

"இது உன்ட கையில்ல புள்ள," என்றான். "அங்க வாறது. அது வேற கை."

அவள் கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பெட்டியை இழுத்தாள். மூடியைத் திறந்தாள். தட்டு அசையாமல் கிடந்தது. நீர் இளஞ்சிவப்பு. எல்லாம் ஒழுங்காக. எல்லாம் சுத்தமாக.

"அவசரக் கை," என்றான் நஸீம்.

அவனுடைய இடது கண்ணின் கருமணி சுருங்கியது. மங்கிய அறையில், ஊசிமுனையளவாக. நேர் எதிரே சூரியன் நிற்பது போல. வலது கண் அகல விரிந்தே கிடந்தது. பிறகு அதுவும் சுருங்கியது. இடது விரிந்தது. இரண்டும் இரண்டு பக்கம் திரும்பின. ஒன்று மேலே. ஒன்று சுவரை நோக்கி.

"யா அல்லாஹ்," என்றாள்.

வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை, திறந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கினான். ஒன்றுமில்லாததை விழுங்கினான். மறுபடி. மறுபடி. அவள் தன் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குக் கீழே தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அடைக்க இங்கே வழியில்லை. வருவது இந்த வாய் வழியாக அல்ல.

கையை எடுத்தாள்.

நாக்கின் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. புகைக்கரியின் கறுப்பு. அது ஓரத்தை நோக்கி மெல்லப் பரந்தது. பரந்து முடிவதற்குள் அதன் நடுவிலேயே வேறொரு நிறம் கிளம்பியது. நீலம். அவள் அறியாத நீலம். அதன் நடுவில் வெள்ளை.

தொழுகை முடிந்து ஒலிபெருக்கியில் ஸலாம் கொடுத்தார்கள். படலைக் கதவு திறக்கும் சத்தம். வாசலில் செருப்புகள். உம்மா யாருடனோ கதைத்துக்கொண்டே வந்தாள், நஸீமுக்காக எல்லாரும் கையேந்தினார்கள் என்று.

அறைக்குள் அவன் மல்லாந்து கிடந்தான். விழிகள் தனித்தனியே சுருங்கி விரிந்தன. இப்போது இடது, இப்போது வலது, இப்போது இரண்டும். எங்கெங்கோ விளக்குகள் எரிந்து அணைந்தன. தொண்டை ஏறியது. இறங்கியது. ஹிமாயா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மறுபடி வாயைத் திறந்தான்.